மூணு கேமரா 4கே எடிட்டிங், லைவ்: எந்த எஸ்.எஸ்.டி வாங்கலாம்?

கேள்வி (மார்த்தாண்டம்):
கல்யாண வேலை. மூணு கேமரா, 4கே 25 ஃபிரேம், எச்.264, ஒவ்வொண்ணும் 100 மெகாபிட், ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடும். களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் திருவிழா லைவும் உண்டு. இப்போ 4 டெராபைட் ஹார்டுடிஸ்க்தான். மல்டிகேம் (மூணு கேமரா வீடியோவையும் ஒண்ணா ஓட்டி எடிட் பண்றது) போட்டா திக்குது. விநாடிக்கு 7000 மெகாபைட் வேகம்னு அட்டையில போட்ட ஜென் 4 என்.வி.எம்.இ (வேகமான வகை எஸ்.எஸ்.டி) வாங்கலாமா?

பதில் 1:
100 மெகாபிட்னா விநாடிக்கு 12.5 மெகாபைட். மூணும் சேர்ந்து 37.5தான். ஹார்டுடிஸ்க் ஒரே ஃபைலை நேரா வாசிச்சா 150க்கு மேல தரும். மூணு ஃபைலுக்கு ஹெட் மாறி மாறி ஓடும்போதுதான் சிக்கல். 500 தர்ற சாட்டா எஸ்.எஸ்.டியே (என்.வி.எம்.இயை விட வேகம் குறைஞ்ச வகை) இதுக்குத் தாராளம். புரோரெஸ் 422க்கு (எடிட்டிங்குக்கான பெரிய ஃபைல் வடிவம்) மாத்தினாலும் ஒரு கேமராவுக்கு 61 மெகாபைட், மூணுக்கு 185க்குள்ள அடங்கிடும்.

ஆனா காசு போடுறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வெச்சு பிளே பண்ணிப் பாருங்க. டிஸ்க் 10 சதவீதத்துல கிடக்கு, சி.பி.யு 100ல நிக்குதுன்னா டீகோடிங்தான் (சுருக்கின வீடியோவை விரிக்கிற வேலை) திணறுது. எந்த எஸ்.எஸ்.டியும் அதைச் சரி பண்ணாது. புராக்சி (எடிட் பண்ண மட்டும் சின்ன சைஸ் நகல்) போடுங்க.

பதில் 2:
வாசிக்கிறதுக்கு அண்ணன் சொன்ன கணக்கு போதும். மாட்டுறது எழுதும்போதுதான். மணிக்கு 45 ஜி.பி, மூணு கேமரா, ஆறு மணி நேரம்: ஒரு கல்யாணம் 810 ஜி.பி. அதனால 1 டெராபைட் வேண்டாம், 2 எடுங்க. கியூ.எல்.சி (ஒரு செல்லுல நாலு பிட் அடைக்கிற எஸ்.எஸ்.டி) வகையைத் தொடாதீங்க. அட்டையில இருக்கிற வேகம் கேஷ் (முதல்ல வேகமா எழுதி வைக்கிற பகுதி) நிறையுற வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஹார்டுடிஸ்க் அளவுக்கோ அதுக்கும் கீழேயோ இறங்கிடும். டிஸ்க் நிறைய நிறைய அந்த கேஷும் சுருங்கும். டி.எல்.சின்னு (செல்லுக்கு மூணு பிட்) உறுதியா போட்டிருக்கிற மாடலைப் பாருங்க.

சோதிக்க 1 ஜி.பி டெஸ்ட் பத்தாது, அது கேஷை மட்டும்தான் அளக்கும். இன்னொரு எஸ்.எஸ்.டியில இருந்து 300 ஜி.பி ஃபோல்டரைக் காப்பி போட்டு கிராஃப் எங்கே விழுதுன்னு கவனிங்க. எக்ஸ்டர்னல்னா கேபிளையும் பாருங்க: போன் சார்ஜர் கேபிள் பலதும் யு.எஸ்.பி 2தான், 40 மெகாபைட்டைத் தாண்டாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணே. லைவ் ரெக்கார்டிங்கையும் இதே டிஸ்க்ல போடலாமா?

பதில் 3:
தனியா ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி வெச்சுக்குங்க, 500 ஜி.பி போதும். லைவுக்கு வேகம் பெரிசு இல்லை, பாதியில கரண்டு போனா ஃபைல் மிஞ்சுதாங்கிறதுதான் முக்கியம். ஓ.பி.எஸ்ல (லைவ், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்) சாதாரண எம்.பி.4ல பதிஞ்சா, கடைசியில எழுதுற குறிப்பு விழாம மொத்த ஃபைலும் திறக்காது. எம்.கே.வியில போடுங்க, நின்ன இடம் வரைக்கும் கிடைக்கும். வீட்டுக்கு வந்து ரீமக்ஸ் (தரம் மாறாம எம்.பி.4 ஆக்குறது) பண்ணா போதும். டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்ல விடாதீங்க, அதுல ஜர்னலிங் (மாற்றத்தை முன்கூட்டியே குறிச்சு வைக்கிற வசதி) கிடையாது. விண்டோஸ்னா என்.டி.எஃப்.எஸ். லேப்டாப்போட சேர்த்து ரூட்டரையும் யு.பி.எஸ்ல சொருகுங்க.

பழைய 4 டெராபைட்டைத் தூக்கிப் போடாதீங்க, பேக்கப்புக்கு அது நல்ல டிஸ்க். கார்டை அழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல காப்பி இருக்கணும்.