பெரிய கோயில் சிகரம் நீண்டது லென்சாலா, மென்பொருளாலா?

செங்குத்துச்சுவர்:
நேற்று கைக்கேமரா தம்பி இங்கே எழுதியது இது: "வைட் ஆங்கிள் கோணலை லைட்ரூம் ஒரே சொடுக்கில் நேராக்கிவிடும். இனி டில்ட்-ஷிப்ட் லென்ஸ் வாங்குகிறவர் காசைக் கரியாக்குகிறார்." லைட்ரூம் படம் திருத்தும் மென்பொருள். டில்ட்-ஷிப்ட், கேமராவைச் சாய்க்காமல் லென்சை மட்டும் மேலே நகர்த்தி உயரமான கட்டடத்தை எடுக்க உதவும் லென்ஸ். ஆதாரமாகத் தஞ்சைப் பெரிய கோயில் படம் ஒன்றையும் போட்டிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. 18 வருஷமாகக் கோயில் படம் எடுக்கிறேன். அந்தப் படத்தில், கருவறை மேல் நிற்கும் விமானத்தின் உச்சியில் உள்ள சிகரத்தைப் பாருங்கள். எண்பட்டைச் சிகரம் மேலும் கீழுமாக இழுபட்டு முட்டை மாதிரி நிற்கிறது. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயிலில் அப்படி ஒரு சிகரம் கிடையாது. கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்துவிட்டு, அப்புறம் லைட்ரூமின் சாய்வுத் திருத்தமான அப்ரைட்டில் 'வெர்டிகல்' அமுக்கினால் இதுதான் வரும்.

கைக்கேமரா:
அண்ணே, விமானத்தின் அடியில் இரண்டு நிலைச் சுவர் செங்குத்தாகக் கட்டியது. என் படத்தில் அது தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த மாதிரி நேராக நிற்கிறதா இல்லையா? 16 மி.மீ. லென்சில் எடுத்தேன். முதலில் லென்ஸ் ப்ரொபைல், அதாவது அந்த லென்சுக்கென்றே உள்ள திருத்தத் தரவைப் போட்டு, நேர்க்கோடுகள் வெளிப்பக்கம் வளையும் பீப்பாய் வளைவை எடுத்தேன். அதன் பிறகுதான் அப்ரைட். முறையாகத்தான் செய்திருக்கிறேன்.

செங்குத்துச்சுவர்:
சுவரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சிகரம் முட்டையாக இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கைக்கேமரா:
அதே பலகத்தில் 'ஆஸ்பெக்ட்' என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. கொஞ்சம் இழுத்தால் உயரம் குறைந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை.

செங்குத்துச்சுவர்:
இழுத்துப் பாருங்கள். அது படம் முழுவதையும் ஒரே அளவில் அமுக்கும். சிகரம் சரியாகும்போது அடிச்சுவர் குட்டையாகிவிடும். ஓர் இடத்துத் தப்பை மறைக்க இன்னோர் இடத்தைக் கெடுப்பதற்குப் பெயர் திருத்தமா?

இருட்டறை:
இரண்டு பேரும் கணக்கை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். விமானம் ஏறத்தாழ 66 மீட்டர். அது நிற்பது பிராகாரத்தின் மேற்குப் பாதிக்கு நடுவில். பிராகாரத்தின் அகலம் சுமார் 120 மீட்டர். ஆக வடக்குச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் நடுவுக்கும் உங்களுக்கும் 60 மீட்டர்தான். அங்கிருந்து உச்சி 47 டிகிரியில் தெரியும். நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும் எந்தப் படத்திலும், நடுவிலிருந்து 47 டிகிரி தள்ளியிருக்கும் உருண்டை அகலத்தைவிட உயரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அந்த முட்டை லைட்ரூம் செய்ததல்ல. அதே இடத்தில் டில்ட்-ஷிப்ட் லென்சை வைத்தாலும் அதே முட்டைதான் வரும். படம் பதியும் சென்சார் செங்குத்தாக நின்றால் வரும் படம்தான் இரண்டும்; லென்ஸ் அதை நேரடியாக எடுக்கிறது, மென்பொருள் பிறகு அப்படி மாற்றுகிறது.

செங்குத்துச்சுவர்:
சார், நீங்கள் காகிதத்தில் போட்ட கணக்கு அது. நான் வெயிலில் நின்று எடுத்தவன். 24 மி.மீ. டில்ட்-ஷிப்டில் நான் எடுத்த படம் இதோ. சிகரம் முட்டையாகத் தெரிகிறதா, சொல்லுங்கள்.

இருட்டறை:
எங்கிருந்து எடுத்தீர்கள்?

செங்குத்துச்சுவர்:
வடமேற்கு மூலை.

இருட்டறை:
மூலையிலிருந்து நடுவுக்கு 85 மீட்டர். உச்சி 37 டிகிரிக்கு இறங்கிவிடும். நீட்சி கால் பங்குதான். தம்பி 60 மீட்டரில் எடுத்ததையும் நீங்கள் 85 மீட்டரில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துவிட்டு, வித்தியாசம் லென்சால் வந்தது என்கிறீர்கள். வித்தியாசம் உங்கள் காலால் வந்தது.

செங்குத்துச்சுவர்:
எங்கே நிற்பது என்று தெரிவதும் இந்தத் தொழில்தான். 'மென்பொருள் பார்த்துக்கொள்ளும்' என்று நினைப்பவன் மூலைக்கு நடக்க மாட்டான். சுவரோரம் நின்று அண்ணாந்து சுட்டுவிட்டுப் போய்விடுவான். நான் முதல் பதிவிலிருந்து சொல்வது இதைத்தான்.

கைக்கேமரா:
முதல் பதிவில் நீங்கள் சொன்னது 'வெர்டிகல் அமுக்கினால் முட்டை' என்று. மூலை என்ற சொல்லே அதில் இல்லை. மேலே போய்ப் படியுங்கள்.

கல்யாணவீடு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மண்டபத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் நிற்கிற அத்தை, சித்தப்பா எல்லோரும் அகலமாகிவிடுகிறார்கள். இதுவும் அதே சங்கதிதானா? ப்ரொபைல் போட்டால் இன்னும் மோசமாகிறது.

இருட்டறை:
அதேதான். ப்ரொபைல் கோடுகளை நேராக்கும், முகங்களை விரிக்கும். டிஎக்ஸ்ஓ வியூபாயின்ட் என்ற மென்பொருளில் இதற்கென்றே ஒரு திருத்தம் இருக்கிறது. முகம் சரியாகும், ஆனால் பின்னால் உள்ள தூண் வளையும். இடம் இருந்தால் பின்னால் போய் 35 மி.மீ.-இல் எடுங்கள், ஓரத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள்.

டார்க்டேபிள்தாசன்:
மாதாமாதம் பணம் கட்டும் மென்பொருளுக்காக ஏன் இந்தச் சண்டை? டார்க்டேபிளில் லென்ஸ் திருத்தமும் சாய்வுத் திருத்தமும் இலவசமாகவே இருக்கின்றன. அது பயன்படுத்தும் லென்ஸ்ஃபன் என்ற லென்ஸ் தரவுத்தொகுப்பில் பெரும்பாலான லென்சுகள் உண்டு.

செங்குத்துச்சுவர்:
ஒவ்வொரு திரியிலும் இதே விளம்பரம்தானா? இலவசமோ காசோ, முட்டை முட்டைதான். சரி, வடிவத்தை விடுங்கள், கூர்மைக்கு வருகிறேன். சாய்வைத் திருத்தும்போது அதிகம் இழுபடுவது படத்தின் மேற்பகுதி. சிகரமும் கலசமும் இருப்பது அங்கேதான். இல்லாத பிக்சலை மென்பொருள் இட்டுக்கட்டி நிரப்புகிறது.

கைக்கேமரா:
அப்படியானால் அண்ணாந்து பிடிக்கவே வேண்டாம். 14 மி.மீ. லென்சை மட்டமாகப் பிடித்துச் செங்குத்துவாக்கில் எடுத்தால் 60 மீட்டரிலேயே உச்சி அடங்கும். கீழே வரும் வெறும் தரையை வெட்டிவிடலாம். எதையும் இழுக்கத் தேவையில்லை.

செங்குத்துச்சுவர்:
வெட்டினால் என்ன மிஞ்சும்? 24 மி.மீ. தரும் அதே அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் 8 தான் கையில் இருக்கும். ஷிப்டில் லென்சை 8 மி.மீ. மேலே நகர்த்தினால் போதும், முழு சென்சாரும் என்னுடையது. இதை அச்சுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இருட்டறை:
நகர்த்தினால் லென்சின் ஓரத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள். அங்கேயும் கூர்மை குறையும், இருட்டும் விழும். ஆனாலும் கூர்மையில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வடிவத்தில் இல்லை.

கைக்கேமரா:
அப்புறம் முக்காலி. தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் அங்கே முக்காலி வைக்க முடியாது. கையில் பிடித்துக்கொண்டு ஷிப்ட் குமிழைத் திருகி மட்டம் பார்ப்பது எத்தனை பேருக்கு வரும்?

செங்குத்துச்சுவர்:
எனக்கு வரும். அனுமதி வாங்கியும் எடுத்திருக்கிறேன், வாங்காமல் கையில் பிடித்தும் எடுத்திருக்கிறேன்.

கைக்கேமரா:
தெரியும் அண்ணே. போன வருஷப் போட்டியில் என் கோபுரப் படத்தை 'இது மென்பொருள் வேலை' என்று ஒரே வரியில் ஒதுக்கியது நீங்கள்தான். அன்றைக்கும் என்ன பிழை என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

செங்குத்துச்சுவர்:
அந்தக் கோபுரம் மேலே போகப் போக விரிந்து, முன்னால் விழுவது போல இருந்தது. சாய்வை நூற்றுக்கு நூறு எடுத்தால் கண் ஏற்காது, கொஞ்சம் மிச்சம் விட வேண்டும். அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்புதான். ஆனால் முடிவு சரி.

கைக்கேமரா:
கொஞ்சம் மிச்சம் விடுங்கள் என்பவர் இங்கே மட்டும் முழுச் செங்குத்து கேட்டு டில்ட்-ஷிப்ட் வாங்கச் சொல்கிறீர்களே?

செங்குத்துச்சுவர்:
நான் கேட்டது செங்குத்தை அல்ல, சிகரத்தை. உங்கள் படத்தில் அது முட்டை.

இருட்டறை:
60 மீட்டரில் உங்கள் லென்சை வைத்து ஒரே ஒரு படம் போடுங்கள். அதுவரை இதில் நான் பேச ஒன்றுமில்லை.

செங்குத்துச்சுவர்:
60 மீட்டரில் நான் நிற்கவே மாட்டேன். அதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்.

கல்யாணவீடு:
35-இல் எடுக்கலாம் என்றால் மண்டபத்தில் பின்னால் போக இடமில்லை சார். வியூபாயின்டில் தூண் எவ்வளவு வளையும்?