ஓசலேட்டஸ் மீன் ஜோடி: பெரியது சின்னதை விரட்டிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது?

தொட்டிநேசன்:
வணக்கம். 2 அடி தொட்டி, 60×30×30 செ.மீ., ஏறக்குறைய 54 லிட்டர் பிடிக்கும். மணல், போர் தண்ணீர், ஸ்பான்ஜ் ஃபில்டர். கொளத்தூரில் ஒரு கடையில் ஜோடி என்று சொல்லி, காலி நத்தை ஓட்டில் குடியிருக்கும் ஓசலேட்டஸ் மீன் இரண்டு கொடுத்தார்கள், வாங்கி வந்து மூன்று வாரம் ஆகிறது. பெரியது சின்னதை நிற்கவே விடுவதில்லை. சின்னது எந்நேரமும் ஃபில்டருக்குப் பின்னால் தண்ணீர் மட்டத்தை ஒட்டியே நிற்கிறது, வால் ஓரம் கிழிந்திருக்கிறது, சாப்பாட்டுக்குக்கூடக் கீழே வர முடியவில்லை. ஐந்து நத்தை ஓடுகளை நடுவில் குவியலாகப் போட்டிருந்தேன். பெரியது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மணல் தள்ளி மூடிவிட்டது. இது உண்மையில் ஜோடிதானா? குஞ்சு வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன், ஆனால் இப்போதைக்கு அந்தச் சின்னது பிழைத்தால் போதும்.

மணல்மீன்:
முதலில் சின்னதை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். வேறு தொட்டி இல்லையென்றால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து அதே தொட்டியில் மிதக்க விடலாம். மேல் மூலையில் ஒண்டி நிற்கும் மீன் அதிக நாள் தாங்காது.

ஜோடியா என்று பார்க்க முதுகுத் துடுப்பின் ஓரத்தைக் கவனியுங்கள். பெண்ணுக்கு அது வெள்ளையாக இருக்கும், ஆணுக்குப் பொன்னிறமாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். குட்டி மீனில் இது சரியாகத் தெரியாது, அதனால் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கே தெரிந்திருக்காது.

ஆனால் உங்கள் பிரச்சினை ஜோடியைவிட அந்தக் குவியல்தான் என்று நினைக்கிறேன். ஓசலேட்டஸுக்கு ஓடுதான் வீடு, பதுங்கும் இடம், முட்டையிடும் அறை எல்லாமே. இவற்றின் சொந்த இடமான ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் ஓர் ஆணின் எல்லைக்குள் இரண்டு மூன்று பெண்கள்கூட இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி ஓட்டில், இடைவெளி விட்டு. நீங்கள் ஐந்தையும் ஒரே இடத்தில் போட்டால் ஐந்தும் பெரியவனுக்கே சொந்தம், சின்னதுக்குக் கால் வைக்க இடமில்லை. ஆணுக்கு ஒரு கோடியில் இரண்டு ஓடு, மறு கோடியில் மூன்று, நடுவில் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ஒரு கல். மணல் 5 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும், ஓட்டை வாய் மட்டும் தெரியும்படி புதைப்பது அவற்றின் வேலை. இடத்தை மாற்றிய பிறகு முதலில் சின்னதை மட்டும் விட்டு நாலைந்து நாள் பழக விடுங்கள், ஒரு ஓட்டைத் தனதாக்கிக்கொள்ளட்டும், அதற்கப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் பெரியதை விடுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் மறுபடி இதே கதைதான்.

காவிரிக்கரை:
மேலே சொன்னது சரி. தண்ணீர் பற்றிச் சேர்க்கிறேன். ஆர்.ஓ. தண்ணீர் இந்த மீனுக்கு வேண்டவே வேண்டாம், அதில் உப்பும் சுண்ணாம்பும் இல்லை. ஏரியின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 9-ஐ ஒட்டியது. தொட்டியில் 8-க்கு மேல் நிலையாக நின்றால் போதும், நம் ஊர்க் கடினமான போர் தண்ணீர் இதற்கு நன்றாகவே ஒத்துவருகிறது. வெப்பம்தான் தொல்லை, 24 முதல் 27 டிகிரி வரை அவற்றுக்குச் சுகம். சித்திரை, வைகாசியில் தண்ணீர்ப் பரப்பில் காற்றுப்படும்படி சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனும் ஓடட்டும்.

ஓடு வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். அறுவடை முடிந்த வயலில் காலியாகக் கிடக்கும் நத்தை ஓடுகளை எடுத்து வந்து நன்றாகக் கொதிக்க வைத்து, உள்ளே நாற்றம் இல்லை என்று மோந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

என் வீட்டில் முதல் ஈடு வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. பெண் ஓட்டை விட்டு நகராமல் வாசலில் துடுப்பை விசிறிக்கொண்டே இருந்தது, உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். ஏறக்குறைய பத்து நாள் கழித்து ஓட்டு வாயில் கடுகளவு தலைகள்! தயவுசெய்து ஓட்டை எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள், அந்த ஆசையை அடக்கத்தான் வேண்டும். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறால் குஞ்சுகளைச் சொட்டுக்குழாயால் ஓட்டு வாயருகே விடுங்கள். குஞ்சுகள் 1 செ.மீ. தாண்டினால் தாயே விரட்ட ஆரம்பிக்கும், அப்போது வேறு தொட்டிக்கு மாற்றினால் சரி.

ஏரிப்பித்தன்:
ஓடுகளைக் குவியலாகப் பார்க்கத்தான் பிடிக்கும் என்றால் மல்டி (மல்டிஃபேசியேட்டஸ், ஓட்டில் வாழும் இன்னொரு டாங்கனிக்கா மீன்) வாங்கியிருக்க வேண்டும். ஆறு குட்டி வாங்கி விட்டால் அவையே ஜோடி பார்த்துக்கொள்ளும், பிள்ளைகளும் பெற்றோரோடு ஒரே குடியிருப்பில் வளரும். ஆனால் ஓசலேட்டஸோடு இதே தொட்டியில் சேர்க்காதீர்கள், 2 அடியில் இடம் போதாது.

தொட்டிநேசன்:
எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி சின்னதைப் பிரித்து, கல் வைத்து, ஓடுகளை இரண்டு பக்கமாகப் பிரித்தேன். வால் வளர்ந்துவிட்டது, முதுகுத் துடுப்பில் வெள்ளை ஓரம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. பெண்தான். நேற்று இரவு ஆணை விட்டேன். காலையில் பார்த்தபோது அவன் கல்லைச் சுற்றி வந்தான், அவள் ஓடவில்லை, தன் ஓட்டுக்குள் பாதி உடம்பை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்து காட்டினாள், அவன் திரும்பிப் போய்விட்டான். இது நல்ல அறிகுறிதானே?

காவிரிக்கரை:
நல்ல அறிகுறிதான். அவளுக்கு வீடு கிடைத்துவிட்டது. இனி ஒரு மாதம் கல்லையும் ஓட்டையும் தொடாதீர்கள்.