ட்வில் போட்டால் ஒரு ஓரம் மட்டும் பிடிக்கவில்லை, அவசரம்

புதுநூல்:
வணக்கம். நாலு ஃபிரேம் (பாவு நூல்களைத் தூக்கும் சட்டம்) உள்ள தறியில் ட்வில், அதாவது சாய்கோடு விழும் நெசவு, போடுகிறேன். வலது ஓரத்துக் கடைசி நூல் துணியோடு சேராமல் தனியாகத் தொங்குகிறது. மூன்று அங்குலம் நெய்து பிரித்தாயிற்று, திரும்பவும் அதே கதை. சனிக்கிழமை வகுப்பில் மாதிரித் துணியைக் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

நாலுமிதி:
ஃபிரேமைத் தூக்குவது மிதியா, லீவரா? என்ன நூல்? குறுக்கே போகும் ஊடை இரண்டு இழைக்கு மேல், இரண்டுக்குக் கீழா, மூன்றுக்கு மேல், ஒன்றுக்குக் கீழா? மொத்தம் எத்தனை இழை? படம் இருந்தால் போடுங்கள்.

சாயப்பட்டறை:
பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், இழுப்புதான் காரணம், வேறொன்றும் இல்லை. வலது பக்கம் தொய்ந்திருக்கும். சின்ன பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அந்த ஓர நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுக்கும்.

குழித்தறிக்காரன்:
தம்பி, ஆறு மாதம் சாதா நெசவு நெய்துவிட்டு அப்புறம் ட்வில்லுக்கு வரலாம். பத்து வயதில் ஊடை நூலைத் தாரில் சுற்ற உட்கார்ந்தவன் நான். இப்போது நாலு வீடியோ பார்த்துவிட்டு நாலு ஃபிரேம் வாங்கிவிடுகிறார்கள்.

புதுநூல்:
தம்பி இல்லை அண்ணா, தங்கை. மேஜைத் தறி, லீவர். 2/20 பருத்தி (20-ஆம் நம்பர் இரட்டைப் புரி), 40 ரீடு (இழைகளைப் பிரிக்கும் சீப்பு), அதன் இடுக்குக்கு இரண்டு இழை. இடமிருந்து 1, 2, 3, 4 என்று ஃபிரேம்களின் விழுதுக் கண்ணியில் கோத்திருக்கிறேன். தூக்குவது 12 (1-உம் 2-உம் சேர்த்து), 23, 34, 41. இதே பாவில் முதலில் சாதா நெசவு போட்டபோது இரண்டு ஓரமும் அளவுகோல் வைத்தது போல வந்தது.

ஊடும்பாவும்:
40 ரீடில் இரண்டிரண்டு என்றால் அங்குலத்துக்கு 80 இழை. 2/20-க்கு அது மூச்சுமுட்டும். ஊடை நுழையப் பாவு எப்படித் திறக்கும்?

குழித்தறிக்காரன்:
80-ஆ? நம் ஊர்க் கடையில் 40 ரீடு என்றால் இரண்டு அங்குலத்தில் 40 இடுக்கு. ஸ்டாக்போர்ட் கணக்கு. அங்குலத்துக்கு 20 இடுக்கு, 40 இழை. இதுகூடத் தெரியாமல் யோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள்.

ஊடும்பாவும்:
என் தறி வெளிநாட்டுத் தறி. அதன் ரீடில் 12 என்று போட்டிருந்தால் அங்குலத்துக்கு 12-தான். அவர் எந்த ரீடு வைத்திருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பருத்திப்பூ:
துணியின் அகலத்தை அளந்தால் தீர்ந்தது, இதற்கு எதற்குச் சண்டை? சாதா நெசவில் ஓரம் நன்றாக வந்தது என்கிறார், ஆகவே இழுப்பும் இல்லை, பாட்டிலும் வேண்டாம். புதுநூல், நாலுமிதி கேட்டதற்கு இன்னும் பதில் இல்லையே, மொத்தம் எத்தனை இழை? 12-ஐத் தூக்கும்போது நாடா (ஊடை நூலைக் கொண்டு போவது) எந்தப் பக்கத்திலிருந்து போகிறது?

புதுநூல்:
200 போட்டேன். கோக்கும்போது கடைசி நூல் அறுந்தது, ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். நாடா வலமிருந்து. இடமிருந்து விட்டுப் பார்த்தால் வலது ஓரம் சரியாகிறது, இடது தொங்குகிறது! பைத்தியம் பிடிக்கிறது. அகலம் 5 அங்குலம்.

குழித்தறிக்காரன்:
5 அங்குலத்தில் 200, அங்குலத்துக்கு 40. நான் சொன்னதுதான்.

பருத்திப்பூ:
அந்த ஒரு நூல்தான். 199 என்றால் இடது ஓரம் 1-ஆம் ஃபிரேமில், வலது ஓரம் 3-ஆம் ஃபிரேமில். இந்த ட்வில்லில் 1 மேலே போகும் தடவை 3 கீழே வரும், 1 இறங்கும் தடவை 3 ஏறும். இரண்டும் இடம் மாறுவது ஒரே வேளையில். நாடா திரும்பும் அந்த நேரத்தில் ஓர நூல் இடம் மாறினால்தான் ஊடை அதைச் சுற்றிப் பிடிக்கும். ஒரு வேளையில் நாடா ஒரு பக்கத்தில்தானே திரும்பும்? மற்ற ஓரம் எப்போதும் தப்பிவிடும். ஒரு ஓரம் ஒற்றைப்படை ஃபிரேமிலும் மற்றது இரட்டைப்படையிலும் இருக்க வேண்டும். வலது கடைசி நூலை உருவிவிடுங்கள், 198-இல் ஓரம் 2-க்கு வந்துவிடும். அந்தக் கடைசி இடுக்கில் அது ஒற்றையாகத்தான் இருக்கும், எடுத்தால் ரீடும் சீராகும். 12-க்கு நாடா வலமிருந்தே போகட்டும்.

நாலுமிதி:
சரியான விடை. நானாக இருந்தால் எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டு பக்கமும் விழுதில் கோக்காத ஒரு நூலை ரீடு வழியாக மட்டும் விட்டுவிடுவேன். நாடா உள்ளே போகும்போது அதற்கு மேலே, வெளியே வரும்போது கீழே. எந்த ட்வில்லுக்கும் ஒத்துவரும்.

சாயப்பட்டறை:
அந்தத் தனி நூலுக்கும் பாட்டில் கட்டித்தான் ஆக வேண்டும்.

புதுநூல்:
உருவினேன். இரண்டு ஓரமும் பிடிக்கிறது. நன்றி அக்கா!!

ஊடும்பாவும்:
புதுநூல், ரீடு எங்கே வாங்கியது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.