ஃபைப்ராய்டு கட்டிக்கு ரோபோ அறுவை: கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுமா?

சாட்ஸ்வொர்த் வாசகி
எனக்கு வயது 34. கருப்பைச் சுவருக்குள் 7 சென்டிமீட்டர் அளவில் ஒரு ஃபைப்ராய்டு (புற்றுநோயல்லாத தசைக்கட்டி) இருப்பது ஸ்கேனில் தெரியவந்துள்ளது. கருப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் அகற்ற வேண்டும். வயிற்றைத் திறந்தும் செய்யலாம், ரோபோ மூலமும் செய்யலாம் என்கிறார் டர்பனில் என்னைப் பார்க்கும் மருத்துவர். ரோபோவுக்கான கூடுதல் செலவை எங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஏற்கவில்லை. அதை நாங்களே செலுத்தினால் கருத்தரிக்கும் வாய்ப்பு உண்மையில் கூடுமா?

ஜோகன்னஸ்பர்க், அறுவை அரங்கச் செவிலியர்
ரோபோ தானாக எதையும் செய்வதில்லை, தங்கையே. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் மருத்துவரின் கையசைவைத்தான் அதன் கருவிகள் உள்ளே பின்பற்றுகின்றன. கட்டியை எடுத்த குழியைப் பல அடுக்குகளாகத் தைத்து மூடுவதே இந்த அறுவையின் உயிர். தையல் வலுவாக அமையாவிட்டால் பின்னர் கர்ப்ப காலத்தில் கருப்பை கிழியும் அபாயம் உண்டு. வயிற்றில் சிறு துளைகள் வழியே செய்யும் சாதாரண லேப்ராஸ்கோபியின் நேரான கருவிகளால் அப்படித் தைப்பது கடினம். மணிக்கட்டைப் போலத் திரும்பும் ரோபோ கருவிகள் அதை எளிதாக்குகின்றன. வயிற்றைத் திறந்து செய்யும்போது அந்தச் சிரமமே இல்லை. ரோபோவில் இரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறையும், அறுவை நேரம் பெரும்பாலும் நீளும். கருத்தரிப்பு கூடுகிறது என்பது நிறுவப்படவில்லை. என் கருத்தில், அந்தக் கூடுதல் பணம் விரைவில் எழுந்து நடமாடுவதற்கான விலை மட்டுமே.

பீனிக்ஸ் வாசகர்
பெரும்பாலான ரோபோக்களில் மருத்துவருக்குத் தொடுவுணர்வு கிடைப்பதில்லை. ஆழத்தில் இருக்கும் சிறு கட்டிகள் தப்பிவிடலாம் என்பதால் முன்கூட்டியே எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. கட்டி கருப்பையின் உட்குழிக்குள் துருத்தியிருந்தால் வயிற்றில் துளையே இல்லாமல், பிறப்புறுப்பு வழியே கருவியைச் செலுத்தும் ஹிஸ்டெரோஸ்கோபியில் அகற்ற முடியும். வெளிப்புறம் துருத்தியிருந்தால் கருத்தரிப்புக்குப் பொதுவாகத் தடையாவதில்லை. கட்டியைத் துண்டாக்கி எடுப்பார்களானால் பைக்குள் வைத்துத்தானா என்று கேளுங்கள். வயிற்றுக்குள் கருவியால் துண்டாக்கும்போது, கட்டியில் மறைந்திருக்கும் புற்றுநோய் பரவக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2014-இல் எச்சரித்தது. கணவரின் விந்தணுப் பரிசோதனையும் கருக்குழாய்ப் பரிசோதனையும் முடிந்துவிட்டனவா? பலர் கட்டியை மட்டுமே குற்றவாளியாக்கிவிடுகிறார்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி
அவருடைய பரிசோதனை இன்னும் செய்யப்படவில்லை. முதலில் அதை முடிக்கிறோம். அறுவைக்குப் பின் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

ஜோகன்னஸ்பர்க், அறுவை அரங்கச் செவிலியர்
எந்த முறையானாலும், காயம் ஆற வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதங்கள் காத்திருக்கச் சொல்வார்கள். உட்குழி வரை வெட்டு சென்றிருந்தால் பிரசவத்துக்குச் சிசேரியனையே பரிந்துரைப்பது வழக்கம். எனவே அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள்.