கிருஷ்ணகிரியில் ஜப்பான் குடும்பம் வாடகைக்கு வருகிறது, வீட்டில் என்னென்ன தயார் செய்யணும்?

மாடிவீடு_கிருஷ்ணகிரி:

வணக்கம்ங்க. ராயக்கோட்டை ரோட்டில் எங்கள் வீட்டு முதல் மாடியை ஒரு கம்பெனி மூன்று வருஷத்துக்கு எடுத்திருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம் ஜப்பானிலிருந்து ஒரு இன்ஜினியர், அவர் மனைவி, ஏழு வயசுப் பையன் வருகிறார்கள். ரெண்டு படுக்கையறை, போர் தண்ணி, வாரத்தில் ரெண்டு நாள் நகராட்சித் தண்ணி, சிங்கிள் பேஸ் கரண்ட். “ஏசி, கீசர், வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தா போதும்” என்கிறார்கள் கம்பெனியில். நிஜமாகவே போதுமா? போலீஸில் ஏதோ எழுதிக் கொடுக்கணும், இல்லாவிட்டால் கேஸ் ஆகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். ரைஸ் குக்கரைக் கையோடு கொண்டு வருவதாக அவர்கள் மெயில் போட்டிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பாரம்_பார்ப்பவர்:

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. எழுதிக் கொடுப்பது ஸ்டேஷனில் அல்ல, ஆன்லைனில். வழக்கமாக ‘சி பாரம்’ என்பார்கள். வெளிநாட்டவர் வீட்டுக்குள் கால் வைத்த 24 மணி நேரத்துக்குள், தங்க இடம் கொடுத்தவர் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) தளத்தில் அதைப் போடணும். வழக்கமாக நடக்கும் கோளாறு என்னவென்றால், கம்பெனி போட்டிருக்கும் என்று வீட்டுக்காரரும், வீட்டுக்காரர் போட்டிருப்பார் என்று கம்பெனியும் இருந்துவிடுவார்கள். யார் போடுவது என்று இப்போதே மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்க.

நீங்கள்தான் என்றால் முன்கூட்டியே அந்தத் தளத்தில் வீட்டுக்காரராகப் பதிந்து வையுங்க. அடையாளச் சான்றும் வீட்டுப் பத்திரமும் கேட்கும், ஒப்புதல் வர நாளாகலாம். அவர்கள் வந்து இறங்கிய அன்று உட்கார்ந்து லாகின் உருவாக்க முயன்றால் 24 மணி நேரம் அதிலேயே போய்விடும். பாஸ்போர்ட் எண், விசா எண், விசா வகை, இந்தியாவுக்குள் வந்த தேதி, போட்டோ எல்லாம் மூன்று பேருக்கும் தனித்தனியாக வேண்டும். பையனுக்கும் சேர்த்துத்தான். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் மறுபடியும் போடணும். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள்.

அடுத்தது அவர்கள் வேலை. 180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வருகிறவர், வந்த 14 நாளுக்குள் இ-எஃப்ஆர்ஆர்ஓவில் பதிவு செய்யணும். அதற்கு முகவரிச் சான்று கேட்பார்கள். உங்கள் ஒப்பந்தம் கம்பெனி பெயரில் மட்டும் இருந்தால் அங்கே இழுபறி ஆகும். குடியிருக்கப் போகிறவர் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்க.

பேங்க் கணக்கு, பான் எல்லாம் அதன் பிறகு. பான் அட்டைக்கு வெளிநாட்டவருக்குத் தனிப் படிவம் உண்டு. இந்தியர் படிவத்தில் போட்டால் திரும்பி வரும். குடும்பப் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதில்தான் பாதி விண்ணப்பம் சிக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையை எல்லா இடத்திலும் அப்படியே எழுதச் சொல்லுங்க. ஆதாரை எதிர்பார்க்க வேண்டாம். முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும்.

அதனால் கேஸ் இணைப்புக்கும் ஆரம்பத்தில் அலைய வேண்டாம். அடையாளச் சான்று காட்டினாலே கிடைக்கும் 5 கிலோ சிறிய சிலிண்டர் ஒன்று, இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று. மூன்று பேருக்கு அது போதும்.

தண்ணிக்கணக்கு:

ஏசியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் தண்ணீரைச் சொல்கிறேன். நம்ம ரெண்டு மாவட்டத்திலும் அதுதான் முதல் வேலை.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. ஏழு வயசுப் பையன் என்கிறீர்கள். நிரந்தரப் பல்லின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயசு வரை உருவாகிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் உள்ளே போகும் ஃபுளோரைடுதான் பல்லில் காவிக் கறையாக நிற்கும். பெரியவர்களைவிட அவனுக்காகத்தான் கவனம் வேண்டும்.

தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று.

காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறையும், ஃபுளோரைடு அப்படியே தங்கி இன்னும் கெட்டியாகும். கிருமிக்குத்தான் காய்ச்சுவது.

டிடிஎஸ் மீட்டர் ஃபுளோரைடைக் காட்டாது. அது மொத்த உப்பைத்தான் சொல்லும். மீட்டரில் 300 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 2 இருக்கலாம், 900 காட்டுவதில் அரைகூட இல்லாமல் இருக்கலாம். ஆர்ஓ விற்க வருகிறவர் மீட்டரை முக்கிக் காட்டினால் தலையாட்டிவிட்டு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்க. போரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடிக்கணும். கண்ணாடி பாட்டில் வேண்டாம்.

யுவி, கேண்டில் ஃபில்டர் இரண்டும் ஃபுளோரைடுக்கு உதவாது. ஆர்ஓ உதவும். ஆனால் நம்ம ஊர் உப்பு மெம்பரேனைச் சீக்கிரம் அடைத்துவிடும். முன்னால் உள்ள செடிமெண்ட் ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றி, வருஷம் ஒரு தரம் வெளிவரும் தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுங்க. ஆர்ஓ கழித்துவிடும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம். சமையலுக்கும் செடிக்கும் வேண்டாம்.

நகராட்சித் தண்ணீரில் ஒகேனக்கல் காவிரி வருகிறது என்றால் அதைக் கெடுக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: காவிரித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே தொட்டியில் விட்டுக் கலந்துவிடுவது. அப்புறம் எந்தத் திட்டம் வந்து என்ன? மாடியில் 500 லிட்டர் டேங்க் ஒன்றைத் தனியாக வைத்து, நகராட்சித் தண்ணீரை மட்டும் அதில் ஏற்றிச் சமையலறைக்கு ஒரே ஒரு லைன் இறக்குங்க. போர் தண்ணீர் பாத்ரூமுக்கும் துணிக்கும் போகட்டும். (ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் கொடுத்ததே ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காதான். வருகிறவரிடம் சொல்லுங்க, பேச்சுக்கு நல்ல தொடக்கம்.)

ஒயர்மேன்_தருமபுரி:

ரைஸ் குக்கரைக் கொண்டுவர வேண்டாம் என்று இன்றைக்கே மெயில் போடுங்க.

ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230. ஹீட்டர் சாமானுக்கு 2.3 மடங்கு வோல்ட் கொடுத்தால் இழுக்கும் பவர் அதன் வர்க்கமாக ஏறும், அதாவது ஐந்து மடங்குக்கு மேல். சோறு வேகிற முன்னால் குக்கர் வெந்துவிடும். பிளக்கை மாற்றும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது, பலர் ஏமாறுவது இதில்தான். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் போடலாம், ஆனால் 1200 வாட் குக்கருக்கு 1.5 முதல் 2 கேவிஏ வேண்டும். அது கல்லு கனம் கனக்கும், சூடாகும், விலையும் அதிகம். இங்கேயே 1.8 லிட்டர் குக்கர் வாங்கிவிடலாம். எதைக் கொண்டுவரலாம் என்றால், அடியில் ‘100-240’ என்று அச்சடித்த லேப்டாப், போன், கேமரா சார்ஜர்கள். வெறும் ‘100’ மட்டும் போட்ட ஹேர் டிரையர், டோஸ்டர், கெட்டில் எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு: ரெண்டு ஏசி, கீசர் 2 கிலோவாட், இண்டக்‌ஷன் 2 கிலோவாட், மோட்டார். இத்தனையையும் சிங்கிள் பேஸில் இழுக்காதீர்கள். மூன்று பேஸுக்கு மின்வாரியத்தில் இப்போதே எழுதிக் கொடுங்க. ஏசி ஒவ்வொன்றுக்கும் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. ஒயர், 20 ஆம்ப் எம்சிபி. கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம். ஏர்த் குழியைப் பாருங்க. கோடையில் மண் காய்ந்தால் ஏர்த் வேலை செய்யாது, பைப்பைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி வைக்கணும். ரீடிங் எடுப்பது ரெண்டு மாதத்துக்கு ஒரு தரம் என்பதையும், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-200 அடுக்கின் விலையே கூடிவிடும் என்பதையும் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்க. மே மாத பில்லைப் பார்த்து மீட்டர் ஓடுவதாகச் சந்தேகப்பட வேண்டியிருக்காது.

இன்வெர்ட்டருக்கு 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) டியூபுலர் பேட்டரி ஒன்று. ஃபேன், லைட், வைஃபை நாலு மணி நேரம் ஓடும். ஏசி ஓடாது. துணைமின் நிலையப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. முதல் நாள் செய்தித்தாளில் வரும் அறிவிப்பைப் பார்த்து அவர்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்க.

மாடிவீடு_கிருஷ்ணகிரி:

ரொம்ப நன்றிங்க. மெயில் போட்டுவிட்டேன். பாத் டப் கேட்கிறார்கள், தினமும் ராத்திரி வெந்நீரில் உட்காருவார்களாம். 25 லிட்டர் கீசர் தாங்குமா?

ஒயர்மேன்_தருமபுரி:

தாங்காது. கணக்குப் போடுங்க. டப்புக்கு ஏறக்குறைய 200 லிட்டர், 41 டிகிரி. கீசரில் 60 டிகிரியில் 25 லிட்டர் இருந்தால், 25 டிகிரி தண்ணீரோடு கலந்து 55 லிட்டர்தான் வரும். அப்படியென்றால் நாலு முறை சூடேற்றணும். ஒரு முறைக்கு 2 கிலோவாட்டில் அரை மணி நேரம். நாலாவது வாளி வருவதற்குள் முதல் வாளி ஆறிவிடும். நம்ம ஊர் வெயிலுக்கு 200 லிட்டர் சோலார் ஹீட்டர்தான் சரி. ஆனால் அதில் போர் தண்ணீரை விட்டால் டியூபில் உப்பு படியும். கீசரில் காயில் புகைவதும் அதே காரணம்தான். வருஷம் ஒரு தரம் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்க. டப் தளத்தில் 200 லிட்டரோடு ஆள் கனமும் சேரும், மாடி என்பதால் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.

ஓசூர்வாசி:

பேசாமல் ஓசூரில் வீடு பார்க்கச் சொல்லுங்க. உயரம் அதிகம், ஏசியே வேண்டாம், பெங்களூரும் பக்கம்.

பாரம்_பார்ப்பவர்:

ஃபேக்டரி கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் தினமும் போக வர நூறு கிலோமீட்டர் ஹைவே. மூன்று வருஷத்துக்கு யாருங்க ஓட்டுவது? ஓசூர் கிளைமேட் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பையன் ஸ்கூலை வைத்துத்தான் அதை முடிவு செய்யணும், ஏசியை வைத்து அல்ல.

சந்தைக்காரக்கா:

எல்லோரும் சுவரையும் ஒயரையும் சொல்லிவிட்டீர்கள், அந்த அம்மா முதல் வாரம் என்ன சமைப்பாங்க?

அவங்களுக்குச் சோறு ஒட்டணும். நம்ம புழுங்கல் ஒட்டாது, பழைய பொன்னியும் உதிரும். புது அறுவடைப் பச்சரிசி வாங்கி வையுங்க, புது அரிசிக்கு ஒட்டும் குணம் அதிகம். அரை மணி நேரம் ஊற வைத்து, நாம் வைப்பதைவிடத் தண்ணீரைக் குறைத்து வைக்கணும். அச்சு அசலாக வேண்டுமென்றால் பெங்களூர் கடைகளில் ஜப்பான் அரிசி கிடைக்கும், விலை மட்டும் வேற மாதிரி.

காய்கறிக்கு உழவர் சந்தையைக் காட்டிவிடுங்க. அன்றைய விலை போர்டில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அதைவிட நிம்மதி இல்லை. காலையிலேயே போகணும், வெயில் ஏறினால் நல்ல கீரை இருக்காது.

ரெண்டு பழக்கத்தை மட்டும் நாசூக்காகச் சொல்லணும். அவங்க சூடான சோற்றில் பச்சை முட்டை உடைத்து ஊற்றிச் சாப்பிடுவாங்க. அங்கே முட்டை அதற்கென்றே கழுவித் தேதி போட்டு வரும். இங்கே தட்டு தட்டாக வெயிலில் நிற்கும் முட்டையில் அது கூடாது, சால்மொனெல்லா கிருமிப் பயம் உண்டு. அதே போல கேஆர்பி அணை மீன் எவ்வளவு துள்ளினாலும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். ஆற்று மீனில், குளத்து மீனில் புழு இருக்கலாம்.

நாய் விஷயம் இன்னும் முக்கியம். ஜப்பானில் 1957க்குப் பிறகு நாய்களிடம் ரேபிஸ் கிடையாது. அதனால் அந்தப் பையனுக்குத் தெரு நாயிடம் பயமே இருக்காது, குட்டியைப் பார்த்தால் தூக்கப் போவான். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். அங்கே தோலுக்குள் போடுவது 0, 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வந்த காயமென்றால் முதல் நாளே காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் கேட்கணும். கிளம்பும் முன் ஊரிலேயே முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டு வந்தால் நல்லது. டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ ஊசியும் அப்போதே டாக்டரிடம் கேட்கட்டும்.

கொசுவுக்கு ராத்திரி வலை மட்டும் போதாது, டெங்கு கொசு பகலில் கடிக்கும். அது நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வாரம் ஒரு நாள் ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, பூந்தொட்டித் தட்டு, பக்கெட் எல்லாம் காய விடுங்க. தண்ணிக்கணக்கு சொன்ன அந்த 500 லிட்டர் டேங்குக்கு இறுக்கமான மூடி போடணும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். அவங்க கொண்டுவரும் மருந்துப் பெட்டியில் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் இருந்தால் டெங்கு இல்லையென்று ரத்தப் பரிசோதனை சொல்லும் வரை தொட வேண்டாம்.

அப்புறம், முதல் மழை ராத்திரியில் ஈசல் மொய்க்கும். வீட்டு லைட்டை அணைத்துவிட்டு வெளி லைட்டை மட்டும் போட்டு வைத்தால் எல்லாம் அங்கே போய்விடும் என்று முன்னாலேயே சொல்லி வையுங்க. இல்லாவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு உங்க கதவைத்தான் தட்டுவாங்க.