ஸ்லைடு: சறுக்குகுழல் வேண்டாம், இழுகுழல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜாஸ் கலைஞர் ஜே. ஜே. ஜான்சனைப் பற்றிய கட்டுரையில், அவர் வாசித்த டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியின் ஸ்லைடுக்கு, அதாவது அதன் நகரும் குழாய்க்கு, தமிழில் என்ன எழுதுவது என்று இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். 'சறுக்குகுழல்' பக்கம்தான் ஆதரவு அதிகம். எனக்கு உடன்பாடில்லை. வேறு யாரைப் பற்றிய கட்டுரை என்றாலும் விட்டிருப்பேன். ஜான்சனுக்கு அந்தச் சொல் அவருடைய வேலைக்கே எதிராக நிற்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். ஸ்லைடில் பொத்தான் கிடையாது, அடையாளக் கோடும் கிடையாது. வெளிக்குழாயை வலது கையால் நகர்த்தி ஏழு நிலைகளில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் சுரம் அரைப்படி இறங்கும். மற்றதெல்லாம் உதட்டின் வேலை. குழாயை முழுக்க உள்ளே வைத்து, கீழ்ப்பகுதியில் ஒரு ஸ ஊதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த சுத்த ரிஷபம் வேண்டுமென்றால், கை முழுக்க நீளும்படி ஏழாம் நிலைவரை குழாயைத் தள்ளி, உதட்டை இறுக்க வேண்டும். குழாய் அரை மீட்டருக்கு மேல் வெளியே போகிறது. சுரமோ அரைப்படிதான் ஏறுகிறது! குழாயின் ஓட்டம் வேறு, ஒலியின் ஓட்டம் வேறு. 'சறுக்கு' என்றால் இரண்டும் ஒன்று போலத் தோன்றிவிடும்.

ஜான்சன் 1924இல் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். 1942இல் பென்னி கார்ட்டரின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார், அப்புறம் கவுன்ட் பேஸியின் குழு. பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி வந்தபோது சார்லி பார்க்கர் சாக்ஸபோனில் ஓடிய ஓட்டத்துக்கு இந்தக் கருவி ஈடுகொடுக்குமா என்பதே கேள்வி. 1946இல் சவாய் இசைத்தட்டு நிறுவனத்துக்குத் தன் பெயரில் பதிவு செய்தார். 1947இல் பார்க்கருடனேயே பதிவுக்கு அமர்ந்தார். இடையில், 1952 முதல் இரண்டு ஆண்டு, தொழிற்சாலையில் வரைபடம் சரிபார்க்கும் வேலைக்குப் போனார் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. 1954இல் இன்னொரு டிராம்போன் கலைஞரான காய் விண்டிங்குடன் சேர்ந்து இரட்டை டிராம்போன் பதிவுகள். 1957இன் 'ப்ளூ டிராம்போன்' இசைத்தட்டைக் கேளுங்கள்: ஒவ்வொரு சுரமும் தலையும் வாலும் நறுக்கினாற்போல் விழும். அவர் வாசிப்பது வால்வு டிராம்போன் (குழாயை நகர்த்தாமல் வால்வுகளை அழுத்தி வாசிப்பது) என்றே பலர் நினைத்தார்கள். அவரைப் போய்ச் சறுக்கவைப்பதா? யானைக்கும் அடி சறுக்கும் என்கிற மொழியில் அந்தச் சொல்லுக்குக் கால் தவறுதல் என்ற வாடை இருக்கத்தான் செய்யும்.

ஆகவே 'இழுகுழல்' என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை, ஒற்று மிகாது, வாயில் சுலபமாக வரும். கையின் செயலை மட்டும் சொல்கிறது. "தள்ளவும் வேண்டுமே?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சரிதான். ஆனால் இழுப்பறையையும் தள்ளித்தானே மூடுகிறோம்?

வயலின், கிளாரினெட் போல டிராம்போன் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும்.

ஒலி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதற்கு நம் கர்நாடக இசையில் 'ஜாரு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் என்ற பழைய ஜாஸ் பாணியில், டிராம்போன் கலைஞர் கிட் ஓரியின் 1922 பதிவுகளில், அந்த ஜாருதான் உயிர். அங்கே 'இழுகுழலில் ஜாரு கொடுக்கிறார்' என்று எழுதினால் கை எது, ஒலி எது என்பது தெளிவாகப் பிரியும். 'வழுக்கல்' என்றே தனித்தமிழில் வைக்கலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கச்சேரி கேட்பவர்களுக்கு ஜாரு உடனே காதில் விழும் என்பதால் என் ஓட்டு அதற்கு.