முன்பணம் வாங்கிக்கொண்டு சம்மதித்துத்தானே போகிறார்கள், அது எப்படிக் கொத்தடிமை?

கேள்வி (செவ்வந்தி; பதில் சொல்பவர்கள் வடகரை, மண்வெட்டி, தாலுகா என்ற பெயர்களில்): ஒரு குடும்பம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை. வீட்டுக்கடன் வாங்கியவரும்தான் 20 வருஷம் கட்டுகிறார். சம்மதம் இருக்கிற இடத்தில் தப்பு எங்கே வருகிறது? சட்டம் தடுக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஏன் தடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

வடகரை: வங்கியில் அடகு இருப்பது வீடு. தவணை தவறினால் வீடு போகும். நீங்கள் வேலையை மாற்றலாம், ஊரை மாற்றலாம். சூளையில் அடகு இருப்பது ஆள். நாம் சம்மதத்தை மதிப்பதே, நாளைக்கு அதைத் திரும்பப் பெறும் உரிமை அந்த ஆளிடம் இருப்பதால்தான். அந்த உரிமையையே விற்றுவிட்டால் சம்மதத்துக்கு என்ன அர்த்தம்? ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் சொன்னதும் இதுதான்: சுதந்திரத்தைக் கைவிடுவதற்கான சுதந்திரம் என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று, கல் திருப்பிப் போடுகிற பிள்ளை எந்தத் தாளில் கைநாட்டு வைத்தது? சிவன் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில் பாட்டன் எழுதிய ஆளோலை (அடிமைப் பத்திரம்) பேரனையும் கட்டுகிறது. அங்கே வழக்காடி வந்தவர் இறைவன். சூளை முதலாளிக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது?

மண்வெட்டி: சூளையின் கணக்கு நோட்டைப் பாருங்கள், விளங்கிவிடும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. வாரம் கையில் வருவது சாப்பாட்டுச் செலவு மட்டும், அதுவும் கடன் கணக்கில் பற்றாக ஏறும். மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி இல்லை, உடைந்த கல் கழிவு, ஆஸ்பத்திரிச் செலவு கடனில் ஏறும். எழுதுகிறவரும் கூட்டுகிறவரும் ஒரே ஆள், முதலாளி. சீசன் முடிவில் "இன்னும் பாக்கி இருக்கு" என்றால் மறுக்க இவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. தொகை தெரியாத கடனுக்கு ஒருவர் எப்படிச் சம்மதிக்க முடியும்?

செவ்வந்தி: அப்படியென்றால் முன்பணமே கூடாதா?

வடகரை: முன்பணம் தப்பில்லை. பாக்கி இருக்கும்போதே வேறு வேலைக்குப் போக முடியுமா, ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்வர முடியுமா, சந்தைக் கூலி கேட்க முடியுமா? கடனைக் காட்டி இதில் ஒன்றை மறித்தாலும் 1976-ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அது கொத்தடிமை முறை. குடும்பத்தில் ஒருவரை மட்டும் அனுப்பி, மற்றவர்களைப் பிணையாக நிறுத்திவைப்பதும் மறிப்பதுதான். வறுமை நெருக்கிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வைப்பது கட்டாய உழைப்பே என்று 1982-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தாலுகா: நடைமுறையில் சறுக்குவது அதிகாரிகளின் விசாரணையில். முதலாளி பக்கத்தில் நிற்க, "இஷ்டப்பட்டுத்தான் வந்தோம்" என்று எழுதி வாங்கிவிடுவார்கள். தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். கூலித் தகராறு என்று முடித்துவிட்டால் விடுதலைச் சான்றிதழ் (கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்பதற்கான அரசுச் சான்று) கிடைக்காது. அது இல்லாமல் உடனடி உதவித்தொகையும் (30,000 ரூபாய் வரை) வராது. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். கொத்தடிமைக் கடன் என்றால் அது சட்டப்படி ஒழிந்துபோனது, பாக்கியை வாங்குவதே 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆகவே "பணத்தைக் கட்டிட்டுக் கூட்டிப் போங்க" என்று சமாதானம் பேசுகிறவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.